சவரக் கத்தியும் கியோட்டோ மலைக் கல்லும்

நம் காலனியில் நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருந்த அன்பர் ஒருவர், மகன் இல்லத்தில் வாழும்பொருட்டுச் சென்னைக்குப் புறப்படுமுன், சென்ற கோடையில் தம் வீட்டைக் காலி செய்தார். பித்தளைப் பாத்திரங்கள் ஒருபுறம், புத்தகங்கள் ஒருபுறம், வேண்டாதவை ஒருபுறம் என்று முற்றத்தில் மூன்று குவியல்கள் கிடந்தன. வேண்டாதவற்றின் குவியலில், செங்கல்லில் பாதிப் பருமனுள்ள மங்கிய மஞ்சள் நிறக் கல் ஒன்று எம் கண்ணிற் பட்டது. பக்கங்களில் கருஞ்சிவப்புப் பூச்சு. பூச்சில்லாத ஓரத்தில் மை முத்திரையாகச் சில ஜப்பானிய எழுத்துகள். மேற்புறத்தின் நடுவில், தோணியின் வயிறு போன்று ஒரு பள்ளம்.

"அஃது அரிவாள்மனை தீட்டுகிற கல், அதைப் போய் எடுக்கிறீர்களே!" என்றார் அன்பர். பிறகு அவரே அதன் கதையையும் கூறினார். 1974ஆம் ஆண்டில் எஃகுத் தொழிற் பயிற்சிக்காக ஜப்பானுக்குச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். அக்காலத்தில் தம் தந்தையார் விட்டுச்சென்ற மடக்குச் சவரக் கத்தியையே அவர் கையாண்டு வந்தார். கியோட்டோ நகரில் ஒரு கருவிக் கடைக்காரர் அக்கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே சென்று இக்கல்லைக் கொணர்ந்து வைத்தாராம். விலை, பயிற்சிக்காகத் தந்த உதவிப் பணத்தில் ஒரு வாரச் செலவுக்கும் மேல். ஊர் திரும்பிய பின் ஓராண்டு கத்தியைத் தீட்டினார். அப்புறம் புதுவகைச் சவரக் கருவியின் எளிமை அவரை வென்றது. கல் சமையலறைக்குச் சென்றது. காலஞ்சென்ற அவர் துணைவியார் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அரிவாள்மனையைத் தீட்டித் தீட்டி உண்டானதே அப்பள்ளம்.

அக்கல்லை யாம் கேட்டு வாங்கி வந்தோம். அதன் வரலாற்றைத் தேடப் புகுந்தபோது, ஒரு கல்லுக்குப் பின்னே இவ்வளவு இருக்கக்கூடுமோ என்று வியப்புற்றோம். அறிந்தவற்றை நம் ஆண்டு மலரின் வழியே அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது எமக்கு மகிழ்ச்சி.

கியோட்டோ நகரின் வடமேற்கில் அதாகோ என்னும் மலை உள்ளது. உயரம் 924 மீட்டர். அதன் சாரலிலும், அதற்குக் கிழக்கே தகாவோ, உமேகஹாதா, நருதாகி ஆகிய ஊர்களை ஒட்டிய குன்றுகளிலும் கிடைத்த கற்களே தீட்டுகற்களுள் மிக நுண்ணியவை எனப் பல நூற்றாண்டுகளாக மதிக்கப்பட்டவை. நகாயாமா, ஓசுக்கு, ஷோபுதானி, ஒகுதோ என்று ஒவ்வொரு சுரங்கத்திற்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புகழ். கல்லின் நிறத்திற்கும் பெயர் உண்டு. வெளிர்நீலச் சாம்பல் நிறமுடையது அசாகி; மஞ்சள் கல் கீயித்தா; காக்கைச் சிறகு சிதறினாற்போலக் கருந்திட்டுகள் உடையது கராசு, அஃதாவது காக்கை; பேரிக்காயின் தோல்போலப் புள்ளியிட்டது நாஷிஜி. கல்லை உண்பொருள்போல் ரசித்தவர்கள் வைத்த பெயர்கள் இவை.

இக்கல் தோன்றிய வகை, எந்தப் புராணக் கதையையும் விஞ்சுவதாகும். இற்றைக்கு 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் என்னும் நிலமே இல்லை. பெருங்கடலின் ஆழத்தில், கரைக்கு வெகு தொலைவில், ரேடியோலேரியா என்னும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் இறந்து இறந்து, அவற்றின் சிலிக்கா ஓடுகள் மழைபோலக் கீழே படிந்துகொண்டிருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் அளவே படிவு ஏறும். அவ்வாறு படிந்தவை இறுகிச் சக்கிமுக்கிக் கல்லை ஒத்த கடும் பாறையாயின. அப்போது, பெர்மியன் என்று அறிஞர் கூறும் ஊழியின் முடிவில், உலக உயிரினங்களுள் மிகப் பெரும்பாலானவை மாண்டொழிந்தன. நிலவுலகம் கண்ட அழிவுகளுள் அதுவே பெரியது. ரேடியோலேரியாவும் அருகிப்போயின. ஓடுகளின் மழை நின்றது. கண்டங்களிலிருந்து காற்று சுமந்து வந்த நுண்தூசி மட்டும், மிக மெல்ல, ஆழ்கடலின் அடியில் இறங்கியது. நெடுங்காலம் கழிந்து உயிர்கள் மறுபடி பெருகியபோது மீண்டும் கடும் பாறையே படிந்தது.

இவ்வாறு இரு கடும் பாறைகளுக்கு இடையே அகப்பட்ட களிப்பாறைப் படுகையே நம் தீட்டுகல். கடலின் தரை நகர்ந்து நகர்ந்து, ஆசியக் கண்டத்தின் விளிம்பில் மோதி, மடிந்து, மலையாய் எழுந்தபோது அப்படுகையும் உடன் எழுந்தது. ஜப்பானிய மொழியில் தீட்டுகல்லுக்குத் 'தோயிஷி' என்று பெயர். அவ்வூழியழிவை ஆராயும் புவியியலார் இப்படுகையைத் தம் கட்டுரைகளிலும் 'தோயிஷி வகைப் பாறை' என்றே குறிக்கின்றனர். தச்சரும் நாவிதரும் வழங்கிய சொல், அறிவியலாரின் ஏட்டில் ஏறியது எமக்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி.

தீட்டுகல்லைக் குறித்த எழுத்துச் சான்றுகள் ஜப்பானில் மிகப் பழையவை. 927ஆம் ஆண்டில் தொகுத்து முடிக்கப்பட்ட எங்கிஷிக்கி என்னும் சட்டத் தொகுதியில், இயோ நாட்டார் அரசுக்குச் செலுத்தும் பொருள்களுள் தீட்டுகல்லும் ஒன்று. கியோட்டோ மலைக் கற்களுக்கோ வேறொரு மரபுரை உண்டு. 1190ஆம் ஆண்டில், காமகூராவில் படைத்தலைவர் ஆட்சியை நிறுவிய மினமோத்தோ நோ யோரித்தோமோ, உமேகஹாதாவைச் சேர்ந்த ஹொன்மா தோசாயெமோன் என்பவருக்குத் தீட்டுகல் தொழிலின் தலைமையை வழங்கினார் என்பது அது. போர் வீரர் ஆட்சி தொடங்கும்போதே வாளுக்குக் கூர் தரும் கல்லின்மீது ஆட்சியாளர் கண் விழுந்தது இயல்பே அன்றோ!

வாளைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். ஜப்பானிய வாளைக் கொல்லர் அடித்து முடித்தவுடன் அது முழுமை பெறுவதில்லை. அதற்கு மேல் மெருகிடுவோர் என்னும் தனித்தொழிலாளர் கைக்கு அது செல்லும். அவர் பருங்கல் தொடங்கிப் பல படிகளாகக் கல்லை மாற்றி மாற்றித் தீட்டி, ஈற்றில் உச்சிகுமோரி, நருதாகி என்னும் கியோட்டோக் கற்களின் மெல்லிய சில்லுகளை விரல் நுனியில் வைத்துத் தேய்ப்பார். எஃகின் உள்ளே மறைந்துள்ள முகிற்கோலம் அப்போதுதான் வெளிப்படும். இத்தொழிலில் ஹொன்-அமி என்னும் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றவர்கள். அக்குடியிற் பிறந்த ஹொன்-அமி கோயெத்சு (1558–1637) எழுத்தழகிலும் மட்கலத்திலும் அரக்குப் பூச்சு வேலையிலும் ஈடில்லாக் கலைஞர் ஆனார். கல்லைத் தொட்டுப் பழகிய விரல்கள் அவை என்பதை எண்ணிப் பார்க்கின்றோம்.

கியோட்டோ 794 முதல் 1868 வரை பேரரசரின் தலைநகர். கோவில் கட்டிய தச்சர், புத்தர் திருவுருவம் செதுக்கிய சிற்பியர், சமையற்காரர், மூங்கில் வேலையாளர் என்று கூரிய கருவியால் வாழ்ந்தோர் அங்கே திரண்டனர். நகரின் வாயிலிலேயே உலகின் நேர்த்தியான தீட்டுகல் கிடைத்ததற்கும், அந்நகரின் கைவேலை அத்துணை நுண்மை அடைந்ததற்கும் தொடர்பு உண்டு என்பது எம் கருத்து. வரலாற்று நூல்கள் அரண்மனையைப் பாடும் அளவுக்கு அந்தக் குன்றைப் பாடவில்லை.

இனிச் சவரக் கத்திக்கு வருவோம். ஜப்பானில் அதன் பெயர் கமிசோரி. கமி என்றால் மயிர், சோரி என்றால் மழித்தல். இக்கத்தி அந்நாட்டிற்குச் சென்ற வழி, நம் நாட்டிலிருந்து புறப்பட்ட வழியே ஆகும். புத்தர்பெருமான் வகுத்த சங்கத்தில் துறவி வைத்துக்கொள்ளத்தக்க எட்டுப் பொருள்களுள் மழிகத்தியும் ஒன்று. மற்றவை ஆடை மூன்று, பிச்சைப் பாத்திரம், கச்சை, ஊசி, நீர் வடிகட்டி. பௌத்தம் சீனத்தையும் கொரியாவையும் கடந்து ஆறாம் நூற்றாண்டில் ஜப்பானை அடைந்தபோது, தலை மழிக்கும் வழக்கமும் அதற்குரிய கத்தியும் உடன் சென்றன. தியானப் பிரிவினரான ஜென் மடங்களில் நான்கும் ஒன்பதும் வரும் தேதிகளில் துறவியர் ஒருவர்க்கொருவர் தலை மழித்துக்கொள்வர். அப்பிரிவின் முதல்வராகப் போற்றப்படும் போதிதருமர் தென்னாட்டிலிருந்து சென்றவர் என்பது சீனர் வழங்கும் மரபு. அவரைக் காஞ்சியோடு இணைத்துப் பேசும் பெருமிதம் நம்மவர்க்கு உண்டு.

துறவியரிடமிருந்து கத்தி போர்வீரர்பால் சென்றது. இரும்புத் தலைக்கவசத்தின் வெப்பம் தாங்காமல், வீரர் முன்னுச்சி மயிரைக் களைந்து பின்மயிரைக் குடுமியாக முடிந்தனர். தொடக்கத்தில் சாமணம் கொண்டு ஒவ்வொரு மயிராய்ப் பிடுங்கினர் என்பர். அவ்வலியைக் காட்டிலும் போர்க்களமே மேல் என்று தோன்றியிருக்கும். பின்பு கத்தி வந்தது. 1603இல் தொடங்கிய எடோ ஆட்சிக்காலத்தில் போரே ஓய்ந்துவிட்டது. ஆயினும் முன்னுச்சி மழித்தல் ஓயவில்லை. வணிகரும் தொழிலாளரும் அக்கோலத்தையே மேற்கொண்டனர். மழித்த இடத்தில் இரண்டு நாளில் முள் முளைக்கும். ஆதலின் நகரெங்கும் முடி திருத்தும் கடைகள் பெருகின.

அக்கடைகள் ஊர்ப்பேச்சின் மன்றங்கள். ஷிக்கித்தேய் சன்பா என்னும் நகைச்சுவை எழுத்தாளர், 1813இல் வெளிவரத் தொடங்கிய உகியோதோக்கோ என்னும் நூலில், கடைக்கு வந்து போவோரின் பேச்சையே இலக்கியம் ஆக்கினார். எடோ நகரத்து முடிதிருத்துநர்க்கு மற்றொரு கடமையும் இருந்தது. நகரில் தீப்பற்றினால் அவர்கள் நகர நீதித்தலைவரின் அலுவலகத்திற்கு ஓடிச்சென்று ஆவணங்களை வெளியே கொணர வேண்டும். அரசின் ஏடுகளைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தனர் என்பதை, அத்தொழிலாளரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திவைத்த நம்மவர் எண்ணிப் பார்த்தல் நலம்.

பழைய ஜப்பானியச் சவரக் கத்தி மடங்குவதன்று. அலகும் காம்பும் ஒரே இரும்பு. காம்பில் பிரம்புச் சுற்று. மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றை மெல்லிரும்போடு காய்ச்சிப் பற்றவைத்துச் செய்வார்கள். அதன் இரு முகங்களும் ஒருபடித்தானவை அல்ல. ஆகவே ஒரு முகத்தை அதிகமாகவும் மறுமுகத்தைக் குறைவாகவும் கல்லில் இழுத்தல் வேண்டும். அவர்கள் மொழியில் கூரிய மதியுடையவரையும் 'கமிசோரி' என்றே சுட்டுவர். மேனாட்டு அரசுகளோடு இருந்த சமமில்லா உடன்படிக்கைகளைத் திருத்தப் பாடுபட்ட வெளிநாட்டமைச்சர் முத்சு முனெமித்சு (1844–1897), 'சவரக் கத்தி அமைச்சர்' என்றே அழைக்கப்பட்டார்.

1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. 1871இல் குடுமியை நீக்கவும் வாளைக் களையவும் அரசு இசைவளித்தது. 1873இல் பேரரசரே தம் குடுமியைக் கத்தரித்துக்கொண்டார். 1876இல் வாள் தரிப்பதே தடை செய்யப்பட்டது. ஒரு நூற்றாண்டில் நிகழத்தக்க மாற்றம் ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தது. வாட்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். சாகாய், சேக்கி, மிக்கி, சான்ஜோ முதலிய ஊர்களில் உலை அவியாமல் இருந்ததற்குக் காரணம், அங்குள்ளோர் சமையற்கத்தி, இழைப்புளி, அரிவாள், கத்தரிக்கோல், சவரக் கத்தி ஆகியவற்றைக் கைக்கொண்டமையே. குடுமி போயிற்று; ஆனால் முகச் சவரம் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்தும் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தும் மடக்குச் சவரக் கத்திகள் வந்து இறங்கின. அவற்றைக் கண்டு ஜப்பானியரும் அவ்வகையைச் செய்யலாயினர்.

மேனாட்டார் கத்தியோடு தம் தீட்டுகல்லையும் பெருமையாகக் கூறுவர். பெல்ஜியத்தின் வியல்சால்ம் பகுதியில் கிடைக்கும் கோட்டிகூல் என்னும் மஞ்சட்கல்லில் நுண்ணிய கார்னெட் மணிகள் உண்டு. ஜெர்மனியின் துரிங்கியா நாட்டுப் பச்சைக்கல்லும் புகழ்பெற்றதே. அவற்றைக் குறைத்துப் பேச யாம் விரும்பவில்லை. ஆனால் வாளுக்கென நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்த கற்கள் கைவசம் இருந்தபோது ஜப்பானிய முடிதிருத்துநர்க்கு வேறு கல்லை நாட வேண்டிய தேவை எழவில்லை. சுரங்கத்தாரும் மிகக் கடினமாகவும் மிக நுண்மையாகவும் உள்ள கற்களை வேறாக ஒதுக்கி, 'கமிசோரிதோ', அஃதாவது சவரக் கத்திக் கல், என்று பெயரிட்டு விற்றனர். எம் அன்பரின் கல்லில் உள்ள முத்திரையின் பொருளும் இதுவே என்று, எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அரிவாள்மனைக்கு ஏற்ற கல் அன்று அது!

கத்தி தீட்டும் முறையை விரிவாகக் கூறாவிடில் இவ்வரலாறு விளங்காது. மடக்குக் கத்தியின் முதுகு தடித்தது, வாய் மெலிந்தது, இடையில் இருபுறமும் குழிவு. கத்தியைக் கல்லின்மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டுமே கல்லைத் தொடும். எந்தக் கோணத்தில் தீட்டுவது என்னும் கவலை இல்லை. கத்தியின் அமைப்பே கோணத்தை நிறுத்திக்கொடுக்கிறது. வாய்ப்பக்கம் முன்னே செல்லுமாறு தள்ள வேண்டும். முடிவில் கத்தியை முதுகின்மேல் புரட்டி மறுமுகத்தால் திரும்ப வேண்டும். வாயின்மேல் புரட்டினால் அதுவரை செய்த வேலை பாழ். விரலின் எடைக்கு மேல் அழுத்தம் கூடாது. கல் முற்றிலும் சமமாக இருத்தல் இன்றியமையாதது. ஒரு நூலளவு பள்ளம் இருப்பினும் வாயின் நடுவில் கல் படாது.

எண்ணெய் வேண்டா, நீர் போதும். ஆயினும் வெறும் நீரிட்டுக் கடுங்கல்லில் உடனே தீட்டுவதில்லை. நகுரா என்னும் சிறு துணைக்கல்லைப் பெரிய கல்லின்மேல் தேய்த்து, பால்போன்ற குழம்பு ஒன்றை முதலில் உண்டாக்குவர். மிகாவா நாட்டில் கிடைக்கும் வெண்ணிற நகுரா, எரிமலைச் சாம்பல் இறுகியதனால் ஆயது. அதிலும் அடுக்குக்கு அடுக்கு வேறுபாடு உண்டு: போத்தான் விரைவாக அறுக்கும், தென்ஜோ, மெஜிரோ அதனினும் மென்மை, கோமா மிக நுண்ணிது. ஒன்றன்பின் ஒன்றாய் இவற்றின் குழம்பில் தீட்டி, கடைசியில் அம்மலைக் கல்லின் துண்டாலேயே அக்கல்லைத் தேய்த்துக் குழம்பாக்குவர். இக்குழம்பிற்கு அவர்கள் இட்ட பெயர் தோகிஜிரு. ஜிரு என்பது உணவில் வழங்கும் சாற்றையும் குறிக்கும் சொல். தீட்டு ரசம் என்று நாம் மொழிபெயர்த்தால் பெரும் பிழையாகாது.

குழம்பில் இருப்பவை குவார்ட்ஸ் துகள்களும் அபிரகம் போன்ற மெல்லிதழ்களும். துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. தீட்டத் தீட்டக் குழம்பு கருமை அடையும், அக்கருமை எஃகு. நீரைத் துளித்துளியாகச் சேர்த்துக் குழம்பை மெலிவித்து, இறுதியில் ஏறத்தாழத் தெளிந்த நீரில் சில இழுப்புகளோடு முடிப்பர். அவ்வமயம் கத்தி கல்லின்மேல் ஒட்டினாற்போலப் பற்றும், ஓசையும் மாறும். அதன்பின் தோல்வாரில் வாய் பின்னே வருமாறு இருபுறமும் பலமுறை இழுத்தால் கத்தி ஆயத்தம். தோல்வாரில் வாயை முன்னே தள்ளினால் தோல் இரண்டாகும் என்பதைத் தொழில் பயில்வோர் ஒரு முறையேனும் கண்டிருப்பர்.

வெறும் கைப்பழக்கமாக இருந்த இவ்வறிவை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசென்றவர் இவாசாக்கி கோசுகே (1903–1967). சான்ஜோ நகரத்தவர், தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பயின்று வாளெஃகை ஆராய்ந்தவர். வாளுக்கென இரும்புமணலை உருக்கி எடுக்கும் தமாஹகானே என்னும் எஃகினால் சவரக் கத்திகள் செய்தார். தீட்டிய வாயை நுண்ணோக்கியில் வைத்து, எந்தக் கல் எவ்வகைக் கீறலை விடுகிறது என்று நோக்கினார். அவர் மகனாரும் அத்தொழிலைத் தொடர்ந்தார். அவர்தம் கத்திகளுக்கு மேனாட்டில் இன்றும் ஆவலோடு விலை கொடுப்போர் உளர்.

ஆனால் கற்களுக்குக் கேடு வெகு தொலைவில் முன்பே விளைந்திருந்தது. 1891இல் அமெரிக்கர் எட்வர்டு அச்சிசன், மின் உலையில் சிலிக்கன் கார்பைடு என்னும் கடும்பொருளை உண்டாக்கினார். ஆலையில் செய்த தீட்டுகற்கள் அதிலிருந்து பிறந்தன. ஒன்றைப்போல் ஒன்று, விலையோ குறைவு. 1903இல் ஜில்லெட் கம்பெனி, தீட்ட வேண்டாத மெல்லிய அலகுடைய சவரக் கருவியை விற்கத் தொடங்கியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர் அதனோடே நாடு திரும்பினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்விரண்டும் ஜப்பானில் வேரூன்றின. தச்சர் மின்கருவிக்கு மாறினர். முடிதிருத்தும் கடைகளில் குருதிவழி நோய் பரவக்கூடாதென்று, ஆளுக்கொரு புதிய அலகு என்னும் வழக்கம் வந்தது. அவ்வழக்கம் தேவையானதே; அதைக் குறை கூற யார்க்கும் நா எழாது. ஆனால் அதனோடு தீட்டுகல்லின் கடைசிப் பெரிய வாடிக்கையாளரும் போயினர்.

சுரங்கத் தொழிலும் எளிதன்று. குன்றைக் குடைந்து உட்சென்று, மெல்லிய படுகையைத் தேடி, விரிசல் இல்லாத துண்டைப் பெயர்த்தல் வேண்டும். வெட்டியதில் பெரும்பகுதி கழிவே. மணற்கீற்று ஒன்று ஊடே ஓடினாலும் அது சவரக் கத்திக்கு உதவாது. ஒரு கீற்று போதும், வாயில் பல் விழ. இத்துணை உழைப்புக்கு ஈடான விலை தருவோர் குறையவே, நகாயாமா முதலிய பழஞ் சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் அடைபட்டன. இன்று புதிதாய் வெட்டுவோர் மிகச் சிலரே. வாள் மெருகிடுவோரும், கோவில் தச்சரும், சவரக் கத்தியில் பித்துக்கொண்ட அன்பர்களும் முன்னாளில் வெட்டிய இருப்பிலிருந்தே பெரிதும் பெறுகின்றனர். கியோட்டோவை அடுத்த கமேயோக்காவில் தீட்டுகற்களுக்கென ஒரு காட்சிச்சாலை அமைத்துள்ளனர்.

கல்லின் பக்கங்களில் கண்ட கருஞ்சிவப்புப் பூச்சைப் பற்றியும் கூற வேண்டும். நீர் பக்கவாட்டில் புகுந்தால் கல் அடுக்கடுக்காய்ப் பிளந்துவிடும். குளிரில் உறைந்தாலும் பிளக்கும். அதைத் தடுக்க அரக்கு பூசுவர். அரக்கு விலையேறியதாகையால், முந்திரிக்கொட்டையின் ஓட்டெண்ணெயில் செய்த பூச்சும் ஜப்பானில் வழங்குகிறது. எம் அன்பரின் கல்லிற் கண்டது எதுவென்று தெரியாவிடினும், பண்ணுருட்டிக்காரரான அவரிடம் முந்திரிப் பூச்சைப் பற்றிக் கூறியபோது அவர் வெகுநேரம் சிரித்தார்.

காலனிச் சந்தையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்து, இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருக்கும் தஞ்சைப் பெரியவரை அன்பர்கள் அறிவார்கள். கல்லை அவரிடம் காட்டினோம். ஒரு சொட்டு நீர் விட்டு, கட்டைவிரலை வட்டமாகச் சுழற்றிப் பார்த்தார். பிறகு கல்லைக் காதருகே வைத்து நகத்தால் தட்டினார். "சார், ஐம்பது வருஷம் கத்தி பிடிச்ச கை இது. இந்த மாதிரி வழவழப்பு பார்த்ததில்லை. பள்ளத்தை எடுத்துட்டா வேலை செய்யும்" என்றார்.

பள்ளத்தை எடுப்பதென்றால், கண்ணாடிப் பலகையில் நீர்த்தாள் விரித்து, பள்ளத்தின் அடிமட்டம் வரையில் கல் முழுவதையும் தேய்த்துக் கழித்தல் வேண்டும். சென்னை செல்லவிருந்த அன்பரைத் தொலைபேசியில் கேட்டோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "அது அவள் கை பட்ட இடம்" என்று மட்டும் கூறினார்.

பெரியவரிடம் அதனைத் தெரிவித்தோம். அவர் கல்லைத் திருப்பினார். அடிப்புறம் கரடுமுரடாய், சுரங்கத்தில் உளி பட்ட தழும்புகளோடு இருந்தது. "இந்தப் பக்கம் இருக்கே சார்" என்றார். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், எம் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். உளித்தழும்புகள் மறைந்து, வெண்ணெய்போன்ற மஞ்சள் முகம் வெளிப்பட்டது. அன்பரின் தந்தையார் கத்தியைப் பெரியவர் அதில் தீட்டினார். வாரில் இழுத்து, தம் முன்கை மயிரில் வைத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் தலையசைத்தார்.

புறப்படுவதற்கு முதல்நாள் காலையில் அன்பர் வந்து, அதே தாழ்வாரத்தில் நாற்காலியிட்டு அமர்ந்தார். பெரியவர் சோப்பு நுரை பூசி, அக்கத்தியால் சவரம் செய்தார். கத்தி சென்ற ஓசைகூடக் கேட்கவில்லை. முடிந்ததும் அன்பர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, கல்லைப் பார்க்க விரும்பினார். மேற்புறத்துப் பள்ளத்தில் விரலை வைத்து இருந்துவிட்டு, கத்தியை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். கல் நம் சங்க நூலகத்தின் கண்ணாடி அலமாரியில், உலர்ந்த துணியின்மேல், பள்ளம் மேலே தெரியுமாறு வைக்கப்பட்டுள்ளது. ஞாயிறுதோறும் மாலையில் அன்பர்கள் வந்து காணலாம். அரிவாள்மனை கொண்டுவருதல் மட்டும் வேண்டா.